ஸ்டெப்னிக்கு மேலே ஒரு பெட்டி

"மோட்டார் விஷயமா? அதெல்லாம் அவர் பாடு" என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள், சகோதரிகளே! தொடர்கதை எங்கும் ஓடிவிடாது. நான் சொல்லப் போகும் விஷயத்திலும் ஒரு குடும்பம் இருக்கிறது. ஓர் ஆபத்து இருக்கிறது. செய்யாத குற்றத்துக்குப் பழி சுமந்த ஒரு நிரபராதி இருக்கிறது. கடைசி வரையில் ஒளிந்திருந்த குற்றவாளியும் இருக்கிறது. இன்னும் என்ன வேண்டும்?

சம்பவம் நடக்கும் இடம் அமெரிக்கா. அந்தத் தேசம் நம்மில் பலருக்கு இப்போது அடுத்த தெருவைப் போல ஆகிவிட்டது. பெண்ணோ, பிள்ளையோ, நாத்தனார் மகனோ அங்கே இருக்கிறார்கள். "வண்டி நடுவழியில் நின்றுவிட்டது, அம்மா" என்று அங்கிருந்து டெலிபோன் வந்தால், இங்கே நமக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. ஆகையால் அந்த ஊர் வண்டி ஒன்றின் அடியில் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு வருவதில் நமக்கு நஷ்டமில்லை.

பனிக்கால மாலையில்...

ஒஹையோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையிலுள்ள கிளீவ்லண்டு நகருக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். நான் கற்பனை செய்த குடும்பந்தான். ஆனால் அவர்களுக்கு வந்த சங்கடம் கற்பனையல்ல. அந்த மாதிரி வண்டி வைத்திருந்த எத்தனையோ பேர் பட்ட கஷ்டம் அது.

கணவனுக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. மனைவி செடி கொடிகள் விற்கும் ஒரு நர்ஸரியில் வேலை பார்க்கிறாள். வீட்டுக்கு ஒரே வண்டி. பழையதாக வாங்கிய ஃபோர்டு எஃப்-150, 2005-ஆம் வருஷ மாடல். அதைப் 'பிக்-அப்' என்பார்கள். முன்னால் குடும்பம் உட்கார்ந்துகொள்ள ஓர் அறை. பின்னால் சாமான் ஏற்றிக்கொள்ளத் திறந்த தொட்டி. வைக்கோல், விறகு, நாற்காலி, நாய், எல்லாம் அந்தத் தொட்டியில் ஏறும்.

அமெரிக்கர்களுக்கு இந்த வண்டியின் மேல் இருக்கும் மோகம் கொஞ்சநஞ்சமல்ல. ஃபோர்டு கம்பெனி தன் பிரசித்தி பெற்ற 'மாடல் டி' காரின் முதுகில் ஒரு தொட்டியைப் பொருத்தி, முதல் பிக்-அப்பை 1925-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 281 டாலர். 1948-இல் 'எஃப்' வரிசை பிறந்தது. 1977-லிருந்து அந்த நாட்டில் மிக அதிகமாக விற்பனையாகும் பிக்-அப் அதுதான்.

ஜனவரி மாதம். மாலை ஐந்தரை மணிக்கே நன்றாக இருட்டிவிட்டது. குழந்தைகளைப் பின் ஸீட்டில் உட்காரவைத்துக்கொண்டு அந்த அம்மாள் நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருக்கிறாள். வண்டி இரண்டு தரம் விக்கியது. அப்புறம் மூச்சு நின்றது. ஓடுகிற எஞ்சின் நின்றுவிட்டால் ஸ்டியரிங் இரும்புக் குண்டாகக் கனக்கும். பிரேக்கும் ஒன்றிரண்டு தரம் மிதிப்பதற்குள் கல்லாகிவிடும். பின்னாலோ பெரிய பெரிய லாரிகளின் விளக்குகள்! இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்து, எப்படியோ ஓரங்கட்டிவிட்டாள். "ஏம்மா நிறுத்திட்டே?" என்று சின்னவள் கேட்கிறாள். பதில் சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை.

பத்து நிமிஷம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடவாதது போல வண்டி கிளம்பிவிட்டது! ஆனால் அடுத்த வாரம், பனி உருகிச் சாலையெல்லாம் சேறாக இருந்த ஒரு நாளில் மறுபடியும் நின்றது. அதற்கடுத்த தடவை பள்ளிக்கூட வாசலில் நின்றது, கிளம்பவே இல்லை.

பழி சுமந்த பம்ப்

வண்டியை இழுத்துக்கொண்டு போய் ஒர்க்‌ஷாப்பில் விட்டார்கள். மெக்கானிக் சாவியைத் திருப்பிக் காதைக் கொடுத்துக் கேட்டான். வழக்கமாகச் சாவியைத் திருப்பியதும், எஞ்சின் கிளம்புவதற்கு முன்பே, பின்பக்கத்துப் பெட்ரோல் டாங்கியிலிருந்து ஓரிரு விநாடி 'ம்ம்ம்' என்று வண்டு முரல்வது போல ஒரு சத்தம் வரும். பெட்ரோல் பம்ப் வேலை தொடங்குகிற சத்தம் அது. அன்று அந்தச் சத்தம் வரவில்லை.

"பம்ப் போய்விட்டது, அம்மா. மாற்ற வேண்டும்" என்றான்.

பம்ப் இருப்பது டாங்கிக்குள்ளே. அதை மாற்ற வேண்டுமானால் டாங்கியைக் கீழே இறக்கியாக வேண்டும். அமெரிக்காவில் கைக்கூலியை மணிக்கணக்குப் போட்டு வாங்குவார்கள். பம்பின் விலையும் கூலியுமாகச் சேர்ந்து பல நூறு டாலர் ஆயிற்று. மூத்த பையனுடைய பல்வரிசையைச் சீராக்கக் கம்பி கட்டுவதற்கென்று அந்த அம்மாள் மாதா மாதம் ஒதுக்கி வைத்திருந்த பணம் முழுவதும் அதில் போயிற்று.

வண்டி ஓடியது. எத்தனை நாள்? வானம் வெளுத்திருந்த வரையில்! அடுத்த பனி விழுந்து உருகிய அன்று, புதுப் பம்புடன் அதே நெடுஞ்சாலையில் மறுபடியும் நின்றது.

மெக்கானிக் பொய் சொல்லவில்லை. பம்ப் ஓடவில்லை என்பது உண்மை. ஏன் ஓடவில்லை என்ற அடுத்த கேள்வியை அவன் கேட்கவில்லை, அவ்வளவுதான். வீட்டில் விளக்கு எரியவில்லையென்றால் நாம் உடனே பல்பை உடைத்துப் போடுகிறோமா? மின்சாரம் வருகிறதா என்று ஸ்விட்சையும் ஃப்யூஸையும் பார்க்கிறோம் அல்லவா? பம்ப் என்பது பல்பு. அதற்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் கை ஒன்று வேறிடத்தில் இருக்கிறது.

அந்த அம்மாள் அன்று இரவு ஒரு தீர்மானம் செய்தாள்: 'இனி என் கண்ணால் பார்க்காமல் ஒரு சென்ட் கொடுப்பதில்லை!'

மலையில் பின்னோக்கி ஏறிய கார்

அந்தக் 'கை' எதற்காக வந்தது என்று தெரிந்துகொள்ள, பெட்ரோல் எப்படி எஞ்சினுக்குப் போய்ச் சேருகிறது என்று பார்க்க வேண்டும்.

பழைய மாடல் டி காரில் பம்பே கிடையாது. டாங்கி ஸீட்டுக்கு அடியில் இருந்தது. மாடித் தொட்டியிலிருந்து குழாய்க்குத் தண்ணீர் இறங்குகிறதே, அது போலப் பெட்ரோல் தானாக எஞ்சினுக்கு இறங்கும். இதில் ஒரு வேடிக்கை. டாங்கியில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது செங்குத்தான மேடு வந்தால் எஞ்சின் டாங்கியைவிட உயரத்துக்குப் போய்விடும், பெட்ரோல் ஏறாது. அதனால் அந்தக் காலத்து மனிதர்கள் காரைத் திருப்பி வைத்துக்கொண்டு, பின்னோக்கியே மேடு ஏறினார்கள்!

பிறகு எஞ்சினே இயக்கும் பம்புகள் வந்தன. அதற்குப் பிறகு மின்சாரத்தால் ஓடும் பம்பை டாங்கிக்குள்ளேயே மூழ்கடித்து வைத்தார்கள். பெட்ரோலுக்குள் மின்சாரமா என்று பயப்பட வேண்டாம். அந்தப் பெட்ரோல்தான் பம்பைச் சூடேறாமல் குளிர்விக்கிறது. டாங்கி வறளும் வரையில் வண்டி ஓட்டக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆரம்பத்தில் இந்தப் பம்புகள் எப்போதும் முழு வேகத்தில் ஓடின. எஞ்சினுக்குத் தேவையானது போக மிச்சப் பெட்ரோல் இன்னொரு குழாய் வழியாக டாங்கிக்கே திரும்பி வரும். எஞ்சின் சூட்டில் குளித்துவிட்டு வருகிற பெட்ரோல் அல்லவா? டாங்கியில் உள்ள பெட்ரோலையும் சூடாக்கி ஆவியைக் கிளப்பியது. காற்றைக் கெடுக்கும் இந்த ஆவியை ஒழிக்கச் சட்டங்கள் வந்தபோது, எஞ்சினியர்கள் திரும்பி வரும் குழாயை எடுத்துவிட்டு வேறு வழி கண்டுபிடித்தார்கள். எஞ்சினுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே பம்ப் இறைக்க வேண்டும்.

வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் எப்படி? ஊஞ்சலில் குழந்தையை உட்காரவைத்து ஆட்டுகிறீர்கள். கையை விட்டு விட்டுத்தான் தள்ளுகிறீர்கள். ஒவ்வொரு தள்ளலும் நீண்டிருந்தால் ஊஞ்சல் உயரப் போகிறது. சற்றே தொட்டு விட்டால் மெதுவாக ஆடுகிறது. அதே மாதிரி ஒரு விநாடிக்குள் எத்தனையோ தடவை மின்சாரத்தைக் கொடுத்தும் நிறுத்தியும் பம்பை ஓட்டுகிறது ஒரு சிறு பெட்டி. எஞ்சினின் கம்ப்யூட்டர் 'இவ்வளவு வேண்டும்' என்று உத்தரவு போடும். பெட்டி நிறைவேற்றும். 'ஃப்யூயல் பம்ப் டிரைவர் மாட்யூல்' என்பது அதன் நீளமான பெயர். நாம் பெட்டி என்றே அழைப்போம். உள்ளங்கையில் அடங்குகிற சாமானுக்கு அத்தனை நீளப் பெயர் எதற்கு?

உப்பும் இரண்டு உலோகங்களும்

2004 முதல் 2008 வரையிலான எஃப்-150 வண்டிகளில் இந்தப் பெட்டியை எங்கே வைத்தார்கள், தெரியுமா? வண்டியின் பின்புறம், அடியில், ஸ்டெப்னி டயர் தொங்குகிற இடத்துக்கு மேலே, எஃகுச் சட்டத்தின் குறுக்குக் கட்டையில்! பெட்டியின் உடல் அலுமினியம். அதைச் சட்டத்தோடு சட்டமாக ஒட்டவைத்துப் போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள்.

('ஸ்டெப்னி' என்று நாம் சொன்னால் அமெரிக்கர்களுக்குப் புரியாது. வேல்ஸ் நாட்டு லனெல்லி என்ற ஊரில், ஸ்டெப்னி தெருவில் 1904-இல் உபரிச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கினார்கள். தெருவின் பெயர் சக்கரத்துக்கு வந்தது. சக்கரம் நம் ஊருக்கு வந்தது. பெயர் இங்கேயே தங்கிவிட்டது!)

பனிக்காலத்தில் ஒஹையோ போன்ற மாநிலங்களில் சாலைகளில் உப்பைக் கொட்டுவார்கள். உப்புச் சேர்ந்தால் தண்ணீர் சுலபத்தில் உறைவதில்லை, சாலை வழுக்காது. மனிதர்களுக்கு நல்லது. வண்டிக்கு? சக்கரங்கள் வாரியடிக்கும் உப்புத் தண்ணீர் நேராக அடிவயிற்றில் போய் அறைகிறது. பெட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள மயிரிழை இடுக்கில் புகுந்து உட்கார்ந்துகொள்கிறது.

அலுமினியம், எஃகு, நடுவே உப்புத் தண்ணீர்! விஞ்ஞானம் படித்த உங்கள் பிள்ளையைக் கேளுங்கள். "இது பாட்டரி ஆயிற்றே!" என்பான். போலோன்யா நகரத்து கால்வானி, செத்த தவளையின் காலை இரண்டு வெவ்வேறு உலோகங்களால் தொட்டபோது அது துடித்ததைப் பற்றி 1791-இல் எழுதினார். அதைத் தொடர்ந்து ஆராய்ந்த வோல்ட்டா, இரண்டு உலோகத் தகடுகளையும் உப்பு நீரில் நனைத்த அட்டைகளையும் மாற்றி மாற்றி அடுக்கி, 1800-இல் உலகத்தின் முதல் பாட்டரியைச் செய்தார். வோல்ட்டா வேண்டுமென்று செய்ததை இந்த வண்டி வேண்டாமலே செய்துகொண்டுவிட்டது!

இந்த மாதிரி பாட்டரியில் இரண்டு உலோகங்களில் ஒன்று மற்றொன்றுக்காகத் தேய்ந்து போகும். அலுமினியமும் எஃகும் சேர்ந்தால் தேய்வது அலுமினியம். வருஷக்கணக்கில் வெள்ளைப் பொடியாக அது பூத்து உதிர்ந்து, பெட்டியின் முதுகில் ஓட்டை விழுகிறது. ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது. ஈரம் பட்டால் மயக்கம், காய்ந்தால் தெளிவு என்று பெட்டி சில நாள் விளையாட்டுக் காட்டுகிறது. ஒரு நாள் ஒரேயடியாகக் கண்ணை மூடிவிடுகிறது. மழைக்கும் பனிக்கும் வண்டி நின்று, வெயிலில் ஓடிய மர்மம் இதுதான்.

இதை நீங்கள் உங்கள் அடுக்களையிலேயே பார்க்கலாம். எவர்ஸில்வர் பாத்திரம் நிறையப் புளியோதரையை வைத்து, சாதத்தில் படும்படி அலுமினியத் தாளால் இறுக்கி மூடி, ஒரு நாள் விட்டுவிட்டுப் பாருங்கள். புளியும் உப்பும் பட்ட இடங்களில் தாள் கறுத்து, ஊசிக்கண் போல ஓட்டைகள் விழுந்திருந்தாலும் விழுந்திருக்கும். (அந்தப் புளியோதரையைச் சாப்பிட வேண்டாம்!) ஊறுகாயை அலுமினியத்தில் போடாமல் பீங்கான் ஜாடியில் போட்ட நம் பாட்டிமார், கால்வானியின் பெயரைக் கேட்டதில்லை, என்றாலும் விஷயம் தெரிந்தவர்கள்.

காகிதம் காப்பாற்றிய ஆணிகள்

இந்தத் தொல்லை புதிதல்ல. 1761-இல் ஆங்கிலேயக் கடற்படையினர் 'அலாரம்' என்ற தங்கள் மரக் கப்பலின் அடிப்பாகத்தில், புழு அரிக்காமலிருக்கச் செப்புத் தகடுகளை இரும்பு ஆணிகளால் அறைந்தார்கள். மேற்கிந்தியத் தீவுப் பக்கம் போய்த் திரும்பிய கப்பலை 1763-இல் பரிசோதித்தபோது, செம்பு நன்றாக இருந்தது. இரும்பு ஆணிகள் பல இற்றுப்போயிருந்தன. ஆனால் சில ஆணிகளுக்கு மட்டும் ஒன்றும் நேரவில்லை! காரணத்தைத் தேடினார்கள். தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் அந்த ஆணிகளின் அடியில் கிழியாமல் தங்கியிருந்தது. செம்பும் இரும்பும் தொடாதபடி ஒரு காகிதம் தடுத்தது, ஆணி பிழைத்தது.

நியூயார்க் துறைமுகத்தில் நிற்கும் சுதந்திர தேவி சிலைக்கும் இந்த வியாதி வந்ததுண்டு. மேலே செப்புச் சேலை. உள்ளே இரும்பு எலும்பு. இரண்டும் தொடாமலிருக்க நடுவே அரக்கில் தோய்த்த கல்நார் வைத்துத்தான் கட்டினார்கள். நாளடைவில் அது நைந்துவிட்டது. கடற்காற்றின் உப்பு ஈரத்தில் இரும்புச் சட்டங்கள் துருவேறி உப்பின. 1984-லிருந்து 1986 வரையில் சிலையைப் பழுது பார்த்தவர்கள் அந்தச் சட்டங்களைக் கழற்றிவிட்டுத் துருப்பிடிக்காத எஃகுச் சட்டங்களைப் பொருத்தினார்கள். செம்புக்கும் எஃகுக்கும் நடுவே டெஃப்லான் நாடாவையும் வைத்தார்கள்.

ஆக, எல்லா இடத்திலும் வைத்தியம் ஒன்றே: இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொடக்கூடாது.

அம்மாள் வண்டிக்கு அடியில் போனாள்

நம்முடைய கதாநாயகியிடம் திரும்புவோம். 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் பெட்ரோல் கார்கள் எல்லாவற்றிலும், ஸ்டியரிங் பக்கத்து டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு துளைப் பலகை இருக்கும். அதில் ஒரு சிறு கருவியைச் செருகினால், வண்டி தன் நோயை எண்களில் சொல்லும். உதிரிபாகக் கடைகள் பலவற்றில் இதை இனாமாகவே பார்த்துச் சொல்வார்கள். அந்த அம்மாள் வண்டி ஓடிய ஒரு நாளில் கடைக்குப் போனாள். கருவி 'பி 1233' என்று காட்டியது. பம்பை ஓட்டும் பெட்டியிலிருந்து தகவல் இல்லை என்று அர்த்தம்.

அப்போதும் அவள் அவசரப்படவில்லை. செலவில்லாத சோதனைகளை முதலில் செய்தாள். இந்த வண்டியில் முன் ஸீட்டுப் பிரயாணி கால் வைக்கும் இடத்தில், ஓரத் தடுப்புக்குப் பின்னால் ஒரு ஸ்விட்ச் உண்டு. விபத்தில் வண்டி மோதினால் பெட்ரோலை நிறுத்திவிடுவது அதன் வேலை. சில சமயம் பெரிய பள்ளத்தில் விழுந்து எழுந்தாலும் அது தட்டிவிட்டுக்கொள்ளும். பித்தானை அமுக்கினால் சரியாகிவிடும். அதைப் பார்த்தாள், சரியாகத்தான் இருந்தது. ஃப்யூஸைப் பார்த்தாள், நன்றாக இருந்தது. பிறகுதான் வண்டிக்கு அடியில் போவது என்று முடிவு செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, பாட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றிவிட்டாள். பின்பக்கத் துவாரத்தில் ஜாக்கிக் கம்பியைச் செருகித் திருப்பத் திருப்ப, ஸ்டெப்னி மெல்ல இறங்கியது. துருப்பிடித்த வண்டிகளில் இந்த வடம் இறங்கவே அடம்பிடிப்பதுண்டு. அவளுடைய அதிர்ஷ்டம், இறங்கியது. டயரை இழுத்து ஒதுக்கிவிட்டு, பழைய கம்பளியை விரித்து, டார்ச் விளக்குடன் மல்லாந்து உள்ளே போனாள்.

பெட்டி இருந்தது. தொட்டதும் வெள்ளைப் பொடி முகத்தில் உதிர்ந்தது!

கழற்ற வேண்டியவை இரண்டு போல்ட்டுகள், ஒரு ஒயர்ச் செருகி, அவ்வளவுதான். ஆனால் உப்பில் ஊறிய போல்ட் பேச்சைக் கேட்குமா? பலத்தைக் காட்டினால் தலை முறிந்துவிடும். துரு இளக்கும் எண்ணெயைப் பூசிவிட்டு, வெளியே வந்து கைகழுவி, குழந்தைகளுக்குச் சமைத்துப் போட்டாள். சாயங்காலம் மறுபடி பூசினாள். மறுநாள்தான் ஸ்பானரை வைத்தாள். 'கிறீச்' என்று ஒரு சத்தம். பிறகு போல்ட் வழிக்கு வந்தது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், முதுகில் பொரித்த அப்பளம் போலக் கொப்புளங்கள். நடுவே விரல் நுழைகிற ஓட்டை.

புதுப் பெட்டியின் விலை, பம்ப் மாற்றக் கொடுத்த பணத்தில் சிறு பங்குதான். டாங்கியை இறக்க வேண்டாம். பெட்ரோல் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாது. வேறு சில வண்டிகளில் புதுப் பெட்டியை வைத்தால் கம்ப்யூட்டருக்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டும். இந்த வண்டியில் அந்தச் சடங்கும் இல்லை. செருகினால் போதும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம் ஒன்று. பின்னால் வந்த மாற்றுப் பெட்டிகளுடன் சிறு கால்கள் போன்ற முட்டுகளும் வருகின்றன. அவை பெட்டியைச் சட்டத்திலிருந்து சற்றே தள்ளி நிற்கவைக்கும். நடுவே தண்ணீர் தேங்காமல் வடிந்துவிடும். காற்று புகுந்து பெட்டியின் சூட்டையும் தணிக்கும். 'எதற்கு இந்த உபத்திரவம்?' என்று முட்டுகளை எறிந்துவிட்டுப் பழையபடி ஒட்டிப் போல்ட் போட்டால், புதுப் பெட்டிக்கும் சில பனிக்காலங்களுக்குப் பிறகு பழைய கதிதான். சாமானை மாற்றிவிட்டுக் காரணத்தை விட்டுவைப்பது, ஒழுகும் கூரையின் கீழ் புது மெத்தையைப் போடுவது போல.

அந்த அம்மாள் சட்டத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருவைத் துடைத்து, பெயிண்டு பூசிக் காயவைத்தாள். முட்டுகளை வைத்தாள். பெட்டியைப் பொருத்தினாள். ஒயர்ச் செருகி 'டக்'கென்று பூட்டிக்கொண்டது. பாட்டரி ஒயரை மாட்டி, ஸீட்டில் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருப்பினாள்.

'ம்ம்ம்...'

டாங்கிக்குள் வண்டு முரன்றது. பாவம், அந்தப் புதுப் பம்ப்! முன்பிருந்த பம்பும் நிரபராதிதான். அது குப்பைக்குப் போய்விட்டது. அதை நினைத்தபோதுதான் அந்த அம்மாளுக்கு வயிற்றெரிச்சல் வந்தது.

சிறு இடைவெளி

ஃபோர்டு கம்பெனியார் 2015-ஆம் வருஷ மாடலிலிருந்து எஃப்-150-இன் உடல் முழுவதையுமே அலுமினியக் கலவையில் செய்கிறார்கள். கனம் குறைந்தது. ஆனால் அடியிலுள்ள சட்டம் எஃகு! ஒரு சிறு பெட்டி படுத்தின பாட்டை ஒரு முழு உடல் படுத்தினால் என்ன ஆவது? அதற்குத்தான் இரண்டுக்கும் நடுவே ரப்பர் மெத்தைகள், பூச்சுகள் என்று தடுப்புப் போட்டிருக்கிறார்கள். 1763-ஆம் வருஷத்துப் பழுப்புக் காகிதத்தின் பேரன் பேத்திகள் என்று அவற்றைச் சொல்லலாம்.

பெட்டி சரியான மறு மாதத்திலிருந்து, அந்த அம்மாள் பல்லுக்குக் கம்பி கட்டும் பணத்தை மறுபடி முதலிலிருந்து சேர்க்க ஆரம்பித்தாள். ஓட்டை விழுந்த பழைய பெட்டியைத் தூக்கி எறியவில்லை; சமையலறை ஜன்னல் மேடையில் வைத்திருக்கிறாள். யாராவது மெக்கானிக், "இந்தச் சாமான் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று சொன்னால், "ஏன் போயிற்று?" என்று கேட்க அது அவளுக்கு ஞாபகப்படுத்துகிறது. அந்த ஒரு கேள்விக்கு ஸ்பானரும் வேண்டாம், எஞ்சினியர் பட்டமும் வேண்டாம். நம் வீட்டு மிக்ஸிக்காரரிடமும், குழாய் ரிப்பேர்க்காரரிடமும், ஃப்ரிஜ் மெக்கானிக்கிடமும் நாமும் அதைத் தாராளமாகக் கேட்கலாம்.

அடுத்த தடவை அமெரிக்காவிலிருந்து, "வண்டி நடுவழியில் நின்றுவிட்டது, அம்மா" என்று உங்கள் பெண் டெலிபோன் செய்தால், முதலில் குழந்தைகள் பத்திரமா என்று கேளுங்கள். அப்புறம், அது அந்தப் பழைய எஃப்-150-ஆக இருந்தால், "ஸ்டெப்னிக்கு மேலே பார்த்தாயோடீ?" என்று நிதானமாகக் கேளுங்கள்.

மறுமுனையில் மாப்பிள்ளை மயக்கம் போட்டு விழுந்தால், அதற்கு நான் ஜவாப்தாரியல்ல!